ஜுராகனின் இடது உள்ளங்கால்

1

இந்தக் கதைக்குள் நான் வந்ததற்கு ஒரே காரணம், என்னிடம் கார் இருக்கிறது. பறவைகள்மேல் பிரியம், மனித மனத்தின் ஆழங்களைத் துழாவும் வேட்கை என்று வேறு ஏதாவது சொல்லலாம். இதழாசிரியர் கேட்டால் அப்படித்தான் சொல்லப்போகிறேன். உங்களிடம் எதற்குப் பொய்?

பக்கத்துத் தெரு விவிக் என்பவளும், அவளுடைய முன்னாள் கணவர் ஹர்தோயோவும் ஒரு கிளியை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆளுக்கொரு ஸ்கூட்டர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து கூண்டைப் பிடித்துக்கொண்டால்தான் கிளி போய்ச் சேரும். விவாகரத்தான இருவர் ஒரே ஸ்கூட்டரில் போவதைப் பார்த்தால் எங்கள் தெரு ஒரு மாதத்துக்கு வேறு எதுவும் பேசாது. ஆகவே, என் கார். கார் போனால் நானும் போக வேண்டும். நான் போனால் எழுதாமல் இருக்க மாட்டேன். அவர்களுக்கு அது தெரியும். தெரிந்தும் வந்தார்கள் என்றால் கிளியின் கால் எவ்வளவு மோசமாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக முயன்றேன்.

மழை விட்ட ஒரு மாலையில், கூண்டின் மூலையில் அந்தச் சாம்பல் நிறப் பறவை ஒற்றைக் காலில் தவம்போல

(நிறுத்திவிட்டேன். அது தவம் செய்யவில்லை. இடது காலை ஊன்றினால் வலித்தது, அதனால் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. மழையும் பெய்யவில்லை.)

"என்னை எங்கே கொண்டு போகிறீர்கள்?" என்று கிளி

(இதுவும் ஆகாது. கதையில் வரும் கிளிகள் எல்லாம் பேசும். அதுவும் செத்துப்போன யாரோ ஒருவர் குரலில், சரியான நேரத்தில், சரியான வாக்கியத்தைப் பேசும். இந்தக் கிளி பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்சுக்குப் பேர்போன ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இது. ஆனால் அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு சத்தம். பக்ஸோ வண்டிக்காரர் இறைச்சி உருண்டை சூப் விற்க மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு வருவாரே, அந்த டொக் டொக். அதை அச்சு அசலாகச் செய்யும். புதிதாகக் குடிவந்தவர்கள் கிண்ணத்தோடு வாசலுக்கு ஓடி வருவார்கள். பழையவர்கள் வர மாட்டார்கள். நிஜ வண்டிக்காரரின் வியாபாரம் இதனால் படுத்துவிட்டது.)

மூன்றாவது தொடக்கம்: கிளியின் பெயர் ஜுராகன். முதலாளி என்று அர்த்தம். பெயர் வைத்தவர் ஹர்தோயோ. பெயருக்கு ஏற்றபடி நடந்துகொள்வது கிளி.

இதுவே இருக்கட்டும்.

3

விவிக் கூட்டங்களுக்கும் கல்யாணங்களுக்கும் பலகாரப் பெட்டி செய்து கொடுக்கிறாள். ஐம்பதைத் தாண்டியவள். கையில் எப்போதும் ஒரு ஈரத்துணி இருக்கும். ஹர்தோயோ தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். எங்கள் ஊர் மலாங்கில் பாதி வீடுகளின் மோட்டார்கள் அவரால் ஓடுகின்றன, மீதிப் பாதி அவரால் கழற்றி வைக்கப்பட்டுக் கிடக்கின்றன.

ஏன் பிரிந்தார்கள் என்று கேட்காதீர்கள். நான் கேட்டுவிட்டேன். குடி இல்லை, இன்னொரு பெண் இல்லை, அடி உதை இல்லை. ஒரு கதாசிரியைக்கு இதைவிட ஏமாற்றம் வேண்டாம். கடைசியில் விவிக் சொன்னது இதுதான்: சமையலறைக்கு ஓடு பதிக்கிறேன் என்று ஹர்தோயோ தரையைப் பெயர்த்தார். பாதி பதித்தார். மீதிப் பாதி மண்ணாகவே ஒன்றரை வருடம் கிடந்தது. பலகாரத்துக்கு மாவு பிசையும்போது ஒரு கால் ஓட்டிலும் ஒரு கால் மண்ணிலுமாக நின்றிருக்கிறாள். விவாகரத்து ஆன அதே வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டு மீதியைப் பதித்தாள். முழுத் தரையையும் போட்டோ எடுத்து ஹர்தோயோவுக்கு அனுப்பினாள். அவர் 'அழகாக இருக்கிறது' என்று பதில் போட்டாராம். அதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

வீடு, ஸ்கூட்டர்கள், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நீதிமன்றம் பிரித்துக் கொடுத்தது. கிளியைப் பற்றி நீதிபதியிடம் இருவருமே வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அடுத்தவருக்குப் போய்விடுமோ என்று பயம். ஆகவே ஜுராகன் சட்டப்படி இல்லாத பறவை. ஒரு வாரம் அவள் வீடு, ஒரு வாரம் அவர் வீடு. இவர் வாசலை அவள் மிதிக்க மாட்டாள், அவள் வாசலை இவர் மிதிக்க மாட்டார். நடுவில் இருப்பது என் வீடு. சனிக்கிழமை காலை என் கேட்டில் கூண்டு கைமாறும். இரண்டு நாட்டுக்காரர்கள் எல்லையில் கைதிகளைப் பரிமாறிக்கொள்வதுபோல் இருக்கும். நான் காப்பியோடு ஜன்னலில் நிற்பேன்.*

* என் கணவர் கப்பலில் எஞ்சினியர். வருடத்தில் பெரும்பாலும் கடலில்தான். அவர் ஊர் இது, எனக்கும் இப்போது இதுதான் ஊர். செண்பகம் என்ற என் பெயரை இவர்கள் செம்பாகா ஆக்கிவிட்டார்கள். அந்தப் பூவுக்கு இங்கே அதுதான் பெயர் என்பதால் நானும் விட்டுவிட்டேன். இந்தக் கதைக்கு இவ்வளவு போதும். கணவரைப் பற்றிக் கேட்பவர்கள் தனியாகக் கடிதம் போடவும்.

4

அன்றைக்கு என் கேட்டில் விவிக் கூண்டை வாங்கவில்லை. குனிந்து பார்த்தாள்.

"பாக் ஹர்தோயோ, இது ஏன் கால தூக்கி வெச்சிருக்கு?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை 'மாஸ்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். கணவனையும் அண்ணனையும் அழைக்கும் சொல் அது. விவாகரத்துக்குப் பிறகு 'பாக் ஹர்தோயோ'. வார்டு ஆபீசரைக் கூப்பிடுவதுபோல. பதிலுக்கு அவரும் அவளை 'இபு விவிக்', அதாவது 'விவிக் அம்மா' ஆக்கிவிட்டார்.

"தூங்குது."

"கண்ணு முழிச்சிருக்கே."

"கண்ண முழிச்சிட்டே தூங்கும், இபு. உங்க வீட்ல தூங்க விட மாட்டீங்க, அதான் உங்களுக்குத் தெரியல."

நான் இறங்கி வந்து பார்த்தேன். இடது உள்ளங்கால் வீங்கி, பளபளவென்று சிவந்திருந்தது. நடுவில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு. வலது காலிலும் சிவப்பு தொடங்கியிருந்தது. ஜுராகன் என்னைப் பார்த்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எனக்கும் அதற்கும் ஏற்கெனவே ஒரு விவகாரம் உண்டு. என் சுட்டுவிரலில் தழும்பாக இருக்கிறது.

முதலில் பறவைச் சந்தைக்குப் போனோம். சாக் மிஸ்ரி என்பவர் அங்கே பெரிய ஆள். கூண்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், "காலாணி" என்றார். "பேட்டரி ஆசிட் ஒரு சொட்டு விடுங்க. பொசுக்குனு உதிர்ந்துடும்."

"ஒரு சொட்டு போதுமா?" என்று கேட்டார் ஹர்தோயோ.

விவிக் சாக் மிஸ்ரியின் பக்கம் திரும்பினாள். "சாக், முதல்ல இவரு கால்ல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. உதிர்ந்துச்சுன்னா கிளிக்குப் போடலாம்."

அடுத்து எங்கள் பகுதியிலிருக்கும் கால்நடை டாக்டர். சின்ன வயதுக்காரர். சுவரெல்லாம் பூனைப் படங்கள். ஜுராகனும் அவரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டாக்டர் இரண்டு கைகளையும் மெதுவாக அங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"இபு, நான் பூனை, நாய் பார்ப்பேன். அவசரம்னா முயல். இத நான் தொட்டா என் விரலும் போகும், இது காலும் போகும். சுராபாயாவுல டாக்டர் லியென்னு ஒருத்தங்க இருக்காங்க, பறவை மட்டும்தான் பாக்குறாங்க. இன்னைக்கே போங்க. அந்தக் கறுப்புக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியல."

வாசலுக்கு வந்ததும் இருவரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை, என் காரைப் பார்த்தார்கள்.

5

(இந்த இடத்தில் பயணத்தை வைத்து ஒரு நீளமான பகுதி எழுதியிருந்தேன். எரிமலை, கரும்பு லாரிகள், வாழ்க்கையும் சாலையும். எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். பேச்சை மட்டும் வைத்திருக்கிறேன்.)

முன்சீட்டில் விவிக். பின்சீட்டில் ஹர்தோயோவும் கூண்டும். சுராபாயா போகும் வழியில் லாவாங் என்ற ஊர் வந்தது. அங்கே வண்டிகள் நின்றுவிட்டன.

"பாக் ஹர்தோயோ, கூண்டு மேல இருக்கிற துணிய கொஞ்சம் தூக்குங்க. மூச்சு முட்டும்."

"தூக்கித்தான் இருக்கு."

"பாதிதான் தூக்கியிருக்கு."

"பாதி போதும், இபு."

"உங்களுக்கு எல்லாமே பாதி போதும்."

நான் கண்ணாடியில் பார்த்தேன். ஹர்தோயோ துணியை முழுவதுமாக எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவு ஒழுங்காக அவர் எதையும் மடித்து நான் பார்த்ததில்லை. வெளிச்சம் பட்டதும் ஜுராகன் டொக் டொக் என்றது. பக்கத்து லாரியின் கிளீனர் தலையை நீட்டி முன்னும் பின்னும் தேடினான். பசியாக இருந்திருப்பான் போல.

"ஜெங் செம்பாகா," என்றாள் விவிக். ஜெங் என்பது தோழிக்கு இங்கே கொடுக்கும் மரியாதை. "கால எடுத்துடுவாங்களா?"

அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் கையிலிருந்த ஈரத்துணியால் என் காரின் டேஷ்போர்டில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் அந்த இடம் மட்டும் தனியாக மின்னுகிறது.

"எனக்குத் தெரியல, விவிக்."

"நீங்க கதை எழுதுறவங்கதானே. சும்மாவாவது ஏதாச்சும் சொல்லுங்களேன்."

ஹார்ன் அடித்தேன்.

6

டாக்டர் லியென் ஒல்லியான பெண். கைகளில் பழைய கொத்தல் தழும்புகள். ஜுராகனை ஒரு துண்டால் அப்படியே அள்ளி எடை பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"ரொம்ப குண்டு. என்ன சாப்பிடுது?"

"சூரியகாந்தி விதை," என்றார் ஹர்தோயோ. "கொஞ்சமா."

"வேற?"

"காய்கறி."

"காய்கறியாம்," என்றாள் விவிக். "பொரிச்ச சோயாத் தெம்பே காய்கறியா, பாக் ஹர்தோயோ? அப்பளம் காய்கறியா? சாயங்காலம் நீங்க குடிக்கிற டீ காய்கறியா?"

"டீ குடிக்குதா?" டாக்டர் தலையை நிமிர்த்தினார்.

"சக்கரை கம்மியாதான், டாக்டர்."

விவிக் முகத்தில் வழக்கு ஜெயித்த களை. அது நிலைக்கவில்லை.

"எதுல நிக்குது?" என்று கேட்டார் டாக்டர்.

இப்போது ஹர்தோயோ ஒரு அடி முன்னால் வந்தார். "இவங்க வீட்ல தண்ணிக் குழாய் மேல, டாக்டர். பிளாஸ்டிக் குழாய். வெள்ளையா, வழவழன்னு. மரக்கிளை வெச்சிருந்தேன், தூக்கிப் போட்டுட்டாங்க."

"கிளையில எச்சம் ஒட்டுது. குழாய்னா கழுவிடலாம்," என்றாள் விவிக்.

"வழுக்குற குழாய், ஒரே தடிமன்," என்றார் டாக்டர். "நாள் முழுக்க உள்ளங்கால்ல ஒரே இடத்துலயே பாரம் விழும். அங்க தோல் தேஞ்சு புண்ணாகும். எண்ணெய்ப் பண்டமும் விதையும் மட்டும் தின்னா உடம்பு கனக்கும், தோலுக்குச் சத்து கிடைக்காது. ரெண்டும் சேந்தா இதுதான்."

"அப்ப யார் தப்பு?" இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"சரிபாதி," என்றார் டாக்டர். "இப்ப அது முக்கியமில்ல. கிருமி எலும்புக்குப் போயிருக்கான்னு எக்ஸ்ரே படம் எடுக்கணும். போகலன்னா மருந்துலயும் கட்டுலயும் ஆறிடும். போயிருந்தா ஒரு விரலாவது எடுக்கணும். முழுப் பாதமும் போனாலும் போகலாம். அது படத்தப் பாத்துட்டுத்தான் சொல்வேன். இன்னொரு காலும் ஏற்கெனவே கெட்டிருக்கு. ஒத்தக் கால்ல எல்லாப் பாரத்தையும் போட்டா அதுவும் தாங்காது."



படம் எடுக்க மயக்கம் கொடுக்க வேண்டும். உதவியாளர் பக்கத்து அறையில் வேறொரு பறவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யாராவது துண்டைப் பிடியுங்கள் என்றார் டாக்டர். விவிக் பிடித்தாள். ஜுராகன் ஒரு திருகு திருகியது. துண்டு மட்டும் அவள் கையில் இருந்தது. பறவை மேசையிலிருந்து விழுந்து, சிறகடித்து, பாதி திறந்திருந்த கதவை நோக்கித் தரையோடு தரையாக நொண்டி ஓடியது.

"மாஸ், கதவு."

ஹர்தோயோ கதவை முதுகால் சாத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜுராகன் நேராக ஓடி அவர் மடியில் ஏறி, கட்டைவிரலைக் கடித்தது. ரத்தம் வந்தது. அவர் விரலை இழுக்கவில்லை.

(மாஸ் என்றது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். இங்கே ஒரு பத்தி எழுதினால் வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பல வருடப் பழக்கம் அவசரத்தில் வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று விவிக் பிறகு என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் எழுதவில்லை.)

படம் வரும்வரை வெளியே காத்திருந்தோம். ஹர்தோயோ வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டு, பற்றவைக்க மறந்து நின்றார். விவிக் காத்திருப்போர் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அவற்றில் ஒன்றில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். அவரையும் எழுப்பித் துடைத்தாள்.

எலும்பு தப்பித்திருந்தது.

டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து, பஞ்சு வைத்துச் சின்னப் பந்துபோலக் கட்டுப் போட்டார். மருந்து கொடுத்தார். வெவ்வேறு தடிமனில் மரக்கிளைகள் வேண்டும், துணி சுற்றியிருக்க வேண்டும் என்றார். பூசணி, கேரட், வள்ளல்கீரை, மிளகாய். புதனும் சனியும் கட்டு மாற்ற வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் கட்ட, இரண்டு பேர் கட்டாயம். ஒவ்வொரு முறையும் உள்ளங்காலைப் படமெடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும்.

"முக்கியமானது ஒண்ணு," என்றார். "ஒரே வீடு. வாரத்துக்கொரு வீடு, வாரத்துக்கொரு கூண்டுன்னு அலைய விட்டா இது ஆறாது. ஆறினாலும் திரும்ப வரும். இனிமே எப்பவுமே ஒரே வீடுதான். யார் வீட்ல இருக்கப் போகுது?"

விவிக் ஹர்தோயோவைப் பார்க்கவில்லை. ஹர்தோயோ விவிக்கைப் பார்க்கவில்லை. சுவரில் கிளிகளின் எலும்புக்கூட்டுப் படம் ஒன்று மாட்டியிருந்தது. இருவரும் அதை ஆர்வமாகப் பார்த்தார்கள். பிறகு இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இந்த முறை காரை இல்லை.

7

ஒரு சந்தேகம். ஹர்தோயோ என்ற பாத்திரத்தை நான் நம்புகிறேனா?

எதையும் பாதியில் விடுபவர் என்று மூன்றாம் பகுதியில் எழுதிவிட்டேன். எழுதியதற்குத் தகுந்தபடி அவர் நடந்துகொண்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் மறுநாளே, புண் ஆறும்வரை ஜுராகன் இருக்கப்போகும் என் வீட்டுக்குக் கொய்யாக் கிளைகள் நான்கோடு வந்தார். வெவ்வேறு தடிமன். பட்டையை உரசி, மெத்தென்று துணி சுற்றி, நுனிகளைக் கூண்டுக் கம்பிக்கு அளவாக அறுத்து, திருகாணி போட்டு இறுக்கி முடித்தார். குப்பையைக்கூடக் கூட்டி அள்ளினார்.

விவிக் வந்து கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு கிளையையும் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. கீழே குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"முடிச்சிட்டாரா?" என்றாள் என்னிடம்.

"முடிச்சிட்டார்."

"முழுசாவா?"

"நீயே பாரேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. எனக்கும்தான். அவள் ஒன்றரை வருடம் மண்ணில் நின்றவள், அவள் கோபத்துக்கு நியாயம் உண்டு. நான் மூன்றாம் பகுதியைத் திருத்த வேண்டியிருக்குமோ என்று கோபப்பட்டேன். திருத்தவில்லை. அது அப்படியே கிடக்கட்டும்.

8

கட்டு மாற்றும் நாள்கள் இப்படி இருக்கும். என் சாப்பாட்டு மேசை. ஹர்தோயோ துண்டில் ஜுராகனைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொள்வார், இடது கால் மட்டும் வெளியே. விவிக் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எதிரில் உட்காருவாள். நான் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு எட்ட நிற்பேன்.

"இறுக்காதீங்க, இபு."

"இறுக்கலன்னா பிச்சுப் போட்டுடும்."

"வலிக்குது."

"உங்களுக்கா, அதுக்கா?"

"ரெண்டு பேருக்கும். என் கையையும் சேத்துக் கட்டுறீங்க."

ஒரு முறை நிஜமாகவே அவர் சுண்டுவிரலையும் சேர்த்துச் சுற்றிவிட்டாள். மறுபடி முதலிலிருந்து பிரித்தாள். அவள் 'சாரி' என்று சொல்ல வாயெடுத்து, பதிலாக, "நகத்த வெட்டுங்க" என்றாள்.

நடுவில் ஒரு வாரம் பயமாக இருந்தது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஜுராகன் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. டொக் டொக் இல்லை. என்னைப் பார்த்துக் கடிக்கக்கூட வரவில்லை. கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கட்டைப் பிரித்தபோது நாற்றம் வந்தது. டாக்டர் போனில் மருந்தை மாற்றினார். எதையாவது உள்ளே தள்ளுங்கள், நாளைக்குள் சாப்பிடவில்லை என்றால் கொண்டு வாருங்கள் என்றார்.

அன்று மதியம் நான் குளித்துவிட்டு வரும்போது விவிக் கூண்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வருவதாகச் சொல்லியிருக்கவில்லை. உள்ளங்கையில் எண்ணெய் மின்னும் ஒரு துண்டு. பொரித்த தெம்பே.

"ஒரு துண்டுதான், ஜெங்," என்றாள் என்னைப் பார்க்காமல். "டாக்டர்கிட்ட சொல்லாதீங்க. அவருகிட்ட சத்தியமா சொல்லாதீங்க."

ஜுராகன் கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே பார்த்தது. பிறகு அலகை நீட்டி ஒரு நுனியைக் கிள்ளியது.

சாயங்காலம் ஹர்தோயோ வந்தார், கையில் ஒரு டப்பா. வேகவைத்த பூசணி. அரிசி அளவுக்குச் சின்னச் சின்னதாக நறுக்கியிருந்தார். எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. ஜுராகனின் அலகில் எண்ணெய் மினுமினுத்ததை அவர் பார்த்தார். குனிந்து மோந்தும் பார்த்தார். பிறகு சட்டை நுனியால் அலகைத் துடைத்துவிட்டு, பூசணியை நீட்டினார்.

அதையும் தின்றது.

9

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

முதல் முடிவு: கிளியால் இருவரும் மறுபடி சேர்கிறார்கள். இதை அவர்களிடமே சொன்னேன். ஹர்தோயோ சிரித்த சிரிப்பில் துண்டு நழுவிவிட்டது. விவிக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க ஊர்ல கடைசில எல்லாருக்கும் கல்யாணம் பண்ணி வெச்சே ஆகணுமா, ஜெங்? ஒரு தடவ பண்ணினதே போதும்ப்பா."

இரண்டாவது: கூண்டைத் திறந்து ஜுராகனை வானத்தில் விடுகிறார்கள். இதழாசிரியருக்கு இது பிடிக்கும். ஆனால் ஜுராகனுக்கு இருக்கும் உடம்புக்கு எதிர்வீட்டு மாமரம் வரை போனாலே பெரிது. அங்கே பூனை இருக்கிறது.

மூன்றாவது: ஜுராகன் இறக்கிறது. அந்த மோசமான வாரத்தில் இதை எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது, அதுதான் பிரச்சினை. நான் தமிழில் எழுதுவதை இவர்களால் வாசிக்க முடியாது என்ற தைரியத்தில் லேப்டாப்பை மேசையிலேயே திறந்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். விவிக் போனை எடுத்துத் திரைக்கு நேராகக் காட்டியிருக்கிறாள். மொழிபெயர்க்கும் செயலி ஒன்று அவளிடம் உண்டு, பலகாரக் குறிப்புகள் படிப்பதற்கு.

"ஜெங்," என்று கூப்பிட்டாள். "முதலாளி கடைசியில் காலாக மாறினார்னு வருது. அப்படின்னா?"

ஜுராகன் காலமானது என்று எழுதியிருந்தேன்.

அர்த்தம் சொன்னேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், எனக்குத்தான் சமயத்தில் பொய் வராது. விவிக் போனைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. என் பின்னால் வந்து நின்றாள்.

"அழிங்க."

"கதைதானே, விவிக்."

"தெரியும். அழிங்க."

கடைசி எழுத்து போகும்வரை அங்கேயே நின்றாள். அதன் பிறகு நான் முடிவு எதையும் எழுதவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

10

இன்று சனிக்கிழமை. கட்டைப் பிரித்தபோது கறுப்புப் பொருக்கு பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் புதுத் தோல். வெளிறிய சாம்பலில், பாகற்காய்போலப் பொடிப்பொடியாகச் செதில்கள் எழுந்திருந்தன. ஹர்தோயோ வெளிச்சத்தில் காலைத் திருப்பிக் காட்டினார். விவிக் ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். ஜுராகன் காலை இழுக்கவில்லை.

இனி யார் வீடு என்று டாக்டர் கேட்ட கேள்வி மூவருக்குமே ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

ஹர்தோயோதான் முதலில் தொண்டையைச் செருமினார். "இன்னும் கொஞ்சம் சிவப்பா இருக்குல்ல?"

விவிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "நல்லாவே சிவப்பு."

"இன்னும் ஒரு வாரம் கட்டினா நல்லது."

"ரெண்டு வாரம்னு வைங்க. அவசரப்பட்டு என்ன ஆகப்போகுது."

அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. விவிக் புதுப் பஞ்சை வைத்து, இறுக்காமல், ரொம்ப லேசாகச் சுற்றினாள். ஹர்தோயோ குறை எதுவும் சொல்லவில்லை.

கட்டுவதற்கு முன்னால், வழக்கம்போல, உள்ளங்காலை நான் படமெடுத்துவிட்டேன். இன்னும் டாக்டருக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் அவர் சுற்றி வளைக்க மாட்டார். இரண்டு வரிகளில் பதில் வந்துவிடும். இரண்டாவது வரி கேள்வியாக இருக்கும்.

இப்போது அவர்கள் என் சமையலறையில் நின்றுகொண்டு, டீக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் கொதிக்க வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது வெறும் தண்ணீர், கொதித்தால் கொதித்ததுதான். ஆனாலும் அதில் இவ்வளவு பேச இருக்கிறது. கூண்டில் ஜுராகன் கொய்யாக் கிளையில் இரண்டு காலையும் ஊன்றி நின்று, ஒரு மிளகாயைப் பிரித்து விதைகளை என் தரையில் துப்பிக்கொண்டிருக்கிறது.

இதோ போன். படத்தை நீங்களே பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பா, இல்லையா? எனக்கு இவர்களை ரொம்ப நாளாகத் தெரியும். என் கண்ணை நம்ப முடியாது. உங்களுக்கு இவர்கள் யாரோ. டாக்டரின் பெயர் மேலேயே இருக்கிறது, தொட்டால் போய்விடும். அனுப்புவதானால் அனுப்புங்கள், வேண்டாம் என்றால் போனைக் கவிழ்த்து வையுங்கள். எது செய்தாலும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

நான் உள்ளே போகிறேன். அடுப்பை யாரோ அணைத்துவிட்டார்கள், இன்னொருவர் திரும்பப் பற்றவைக்கிறார்.